ஒரு நதியும் மூன்று ராஜ்யங்களும்

ஜெர்மனியில் ஒரு நாள் முழுவதும் நதிக்கரையோரமாக நடந்து பார்க்க எந்த இடம் உசிதம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், ரைன் நதியின் கோட்டைகளையும் மோசல் சரிவுகளின் திராட்சைத் தோட்டங்களையும் பற்றி ஏற்கெனவே பலர் சொல்லக் கேட்டு, அவற்றில் ஒன்றை நான் ஆமோதித்தால் போதும் என்ற மனநிலையில்தான் அவர்கள் வருகிறார்கள். நான் ஆமோதிப்பதில்லை. அந்த இடங்களின் சௌந்தரியத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் பிளாக் ஃபாரஸ்ட் மலைகளில் உற்பத்தியாகி, பத்து தேசங்களைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கப் போகிற டன்யூப் மகாநதி, தன் பிரயாணத்தின் தொடக்கத்திலேயே, சிற்றாறு என்று சொல்லத்தக்க நிலையில், ஸ்வாபியன் ஆல்ப் என்னும் சுண்ணாம்புக்கல் மலைப் பிரதேசத்தை அறுத்துக்கொண்டு செல்லும் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. நான் சிபாரிசு செய்வது அதைத்தான்.

அதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அங்கே போகிறவர்கள் அநேகமாக நேரே பாய்ரோன் என்ற ஊரில் இறங்கி, வெண்பாறைச் சிகரங்களையும் அவற்றின் உச்சியில் தொற்றிக்கொண்டிருக்கும் பழைய மாளிகைகளையும் அண்ணாந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாறைகள் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் அவற்றைப் பிற்பகலுக்கு ஒத்திவைத்துவிட்டு, காலையில் மேற்கே சிறிது பின்வாங்கி, அழகை நாடி ஒருவரும் வந்திறங்காத இம்மெண்டிங்கன் என்ற ஊரிலிருந்து நடையைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. கண்ணுக்குக் காட்சி எதுவும் இல்லாத அந்த இடமே இந்தப் பள்ளத்தாக்கில் முதலில் காணத்தக்க இடம்.

போவதற்குரிய காலம் ஆகஸ்டு கடைசியும் செப்டம்பர் முதல் வாரங்களும். அதற்கு முன் சில வாரங்கள் மழையில்லாமல் இருந்தால் இன்னும் விசேஷம். ஏன் என்பது பின்னால் விளங்கும். நாடு முழுவதும் சாதாரண ரயில்களிலும் பஸ்களிலும் செல்லுபடியாகும் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வழிச்செலவு தனியாக இல்லை. தண்ணீர், ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு மழைச்சட்டை ஆகியவை தோள்பையில் இருக்கட்டும். வானம் தெளிந்திருக்கிறதே என்று மழைச்சட்டையை வீட்டில் விட்டுவிட்டு வருபவரை அந்த நாட்டார் சற்று அனுதாபத்துடன் பார்ப்பார்கள்.

ரயிலடியிலிருந்து ஊரைக் கடந்து வெளியே வந்தால், ஒருபுறம் காடடர்ந்த தாழ்ந்த குன்றுகளும் மறுபுறம் இரண்டாவது முறை புல் அறுத்து முடித்த புல்நிலங்களுமாக, மனத்தைப் பறிக்காமலும் வெறுப்பூட்டாமலும் இருக்கிற ஒரு சாமானியமான நாட்டுப்புறம். அறுத்த புல்வெளியில், இலை என்பதே இல்லாமல் தரையிலிருந்து நேராக எழும்பி நிற்கும் இளம் ஊதாப் பூக்கள் அந்தப் பருவத்தில் கூட்டங்கூட்டமாகக் காணப்படும். பார்வைக்கு மிருதுவாயிருந்தாலும் அந்தச் செடி முழுவதும் விஷமாகையால், மாட்டுத் தீவனத்தில் கலந்துவிடப் போகிறதே என்று குடியானவர்கள் அதை விரும்புவதில்லை. எதிரே வருகிற முதியவர்கள், நாயை அழைத்துவரும் பெண்மணிகள், சைக்கிளில் வியன்னா வரை போகப் புறப்பட்டு மூட்டைமுடிச்சுகளோடு விரைகிறவர்கள் எல்லோரும், முன்பின் அறியாத உங்களைப் பார்த்து ‘க்ரூஸ் காட்’ என்று சொல்லிவிட்டுத்தான் கடந்து செல்வார்கள். நகரத்தில் அதே மனிதர்கள் லிஃப்டில் உங்களோடு ஏறினால் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்பதும் உண்மையே.

நதி இடப்பக்கமோ வலப்பக்கமோ உங்களோடு வந்துகொண்டிருக்கும். ப்ரெக், ப்ரிகாஹ் என்ற இரண்டு ஆறுகள் டோனாவ்எஷிங்கனில் கூடியபின் டன்யூப் என்று பெயர் பெற்று அது ஓடிவந்த தூரம் அதிகமில்லை. எனினும் பாசி அசைய, கொக்கினத்தைச் சேர்ந்த சாம்பல் நாரை ஒன்று நடுநீரில் அசையாமல் நிற்க, ஒரு நதிக்குரிய கம்பீரத்தோடுதான் அது வருகிறது. பிறகு, எந்த இடத்தில் என்று சுட்டிச் சொல்ல முடியாதபடி, அதன் வேகம் குறைகிறது. கரையோரத்தில் உற்றுப் பார்த்தால் உள்ளங்கையளவு சுழிகள் தெரியும். ஒரு வளைவு திரும்புவதற்குள் ஆழம் முழங்காலுக்கு வந்து, அடுத்த வளைவில் கணுக்காலுக்கு வந்து, அதன் பிறகு நீரே இல்லை.

மணலும் கூழாங்கல்லுமாக, வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது படுகை. குழந்தைகள் அதன் நடுவே ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். பெரியவர்கள் டன்யூபைச் செருப்பு நனையாமல் கடந்துவிட்ட பெருமிதத்தோடு ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்காங்கே எஞ்சிய குட்டைகளில் மீன்கள் திணறிக்கொண்டிருக்கும்; வறட்சி முற்றும்போது மீன்பிடிப்பு சங்கத்தார் வந்து அவற்றை வாரியெடுத்து நீருள்ள இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். ஐரோப்பாவின் இரண்டாவது நீளமான நதி, தன் பெயரை அடைந்த சற்று நேரத்துக்கெல்லாம், ஓர் ஆரவாரமும் இல்லாமல் பூமிக்குள் போய்விட்டது. 1874-இல் முதல் தடவையாக நதி முற்றிலும் வற்றிப் போனதைக் கண்டு பதிவு செய்தார்கள். அதன் பின் அது ஆண்டுதோறும் நிகழும் சங்கதியாகி, இப்போது பல ஆண்டுகளில் நூறு நாளுக்கு மேலும் படுகை உலர்ந்து கிடக்கிறது.

மணலுக்கடியில் மறைந்தோடும் அந்தர்வாகினிகளைப் பற்றி நாம் அறிவோம்; அவை மேலே காணாவிட்டாலும் தம் படுகைக்குக் கீழேயே, தம் திசையிலேயே ஓடுகின்றன; ஊற்றுத் தோண்டினால் கிடைக்கின்றன. இங்கே நடப்பது அதுவன்று. ஜுராசிக் யுகத்துச் சுண்ணாம்புக்கல்லில், மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமிலவாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகி, விரிசல்களில் இறங்கி, கல்லைக் கரைத்துக் கரைத்து, விரிசலைக் குழாயாகவும் குழாயைக் குகையாகவும் ஆக்கிவிட்டிருக்கிறது. டன்யூப் அந்தக் கல்லின் மேல் ஓடிவரும்போது, கிழக்கே போக வேண்டிய ஜலம் அந்தத் துவாரங்களின் வழியே தெற்கே திரும்பி, நீர்ப்பிரிமுகட்டுக்கு அடியிலேயே அதைக் கடந்து, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்தில், ஆஹ் என்ற சிற்றூரின் ஓரத்தில், ஒரு குளம்போன்ற ஊற்றில் பொங்கி வெளிவருகிறது. ஜெர்மனியின் மிகப் பெரிய ஊற்று அதுதான். விநாடிக்குச் சராசரியாக 8,000 லிட்டருக்கு மேல் சுரக்கிறது. அங்கிருந்து ஓர் ஆறாக ஓடி, கான்ஸ்டன்ஸ் ஏரியில் கலந்து, ரைன் நதியாகி, வட கடலுக்குப் போய்ச் சேருகிறது. கருங்கடலுக்கென்று புறப்பட்ட நீர் கண்டத்தின் மறுமுனைக்குப் போய்விடுகிறது என்பதே இதன் தாத்பரியம்.

இது நிரூபிக்கப்பட்ட விதமும் சுவாரசியமானது. டன்யூப் நீர்தான் ஆஹ் ஊற்றில் வருகிறது என்ற சந்தேகம் மக்களுக்கு நெடுங்காலமாகவே இருந்தது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு வழக்காட முடியாது. இரு பக்கமும் ஆலைகள் இருந்தன. ஆலைச் சக்கரங்களுக்கு நீர் வேண்டியிருந்தது. டன்யூப் கரையின் கீழ்ப்பகுதியில் இருந்தவர்கள் துவாரங்களை அடைத்துவிட வேண்டும் என்றார்கள்; ஆஹ் ஆற்றின் கரையில் இருந்த தொழிற்சாலைக்காரர்களோ, அடைத்தால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று பதறினார்கள். 1877 இலையுதிர் காலத்தில், கார்ல்ஸ்ரூஹே நகரத்துப் பேராசிரியர் அடால்ஃப் க்னோப் என்பவர், டன் கணக்கான சமையல் உப்பு, பாறையிலிருந்து எடுத்த ஒருவகை எண்ணெய், ஆறே ஆண்டுகளுக்கு முன் ரசாயன சாலையில் முதன்முதலாக உருவாக்கப்பட்டிருந்த ஃபுளோரசின் என்னும் சாயம் சில கிலோ ஆகிய மூன்றையும் இம்மெண்டிங்கன் அருகே துவாரங்களில் கலந்துவிட்டு, ஆஹ் ஊற்றில் ஆட்களை நிறுத்திவைத்தார். ஏறத்தாழ 60 மணி நேரம் கழிந்தது. ஊற்று நீர் ஒளிவிடும் பச்சை நிறமாக மாறி, நாவில் உப்புக் கரித்து, தார்நெய் வாடையும் வீசிற்று. நிறம் ஒன்றே போதுமென்றிருக்கலாம். ஆனால் கண், நாக்கு, மூக்கு என்று மூன்று இந்திரியங்களையும் சாட்சிக்கு அழைத்து நிறுத்தியதில் அந்தப் பேராசிரியருக்கு ஒரு வக்கீலின் முன்யோசனை இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

வழக்கும் வந்தது. நதிநீர் வழக்கு என்பது நமக்குப் புதிய விஷயமல்ல. ஆனால் இந்த வழக்கின் விநோதம் நன்கு புலப்பட வேண்டுமானால், ஒரே நாள் நடையில் நீங்கள் கடக்கிற நிலம் அக்காலத்தில் மூன்று ராஜ்யங்களாகப் பிரிந்து கிடந்ததை நினைவில் வைக்க வேண்டும். நீர் மறைகிற இம்மெண்டிங்கனும், நீர் வெளிப்படுகிற ஆஹ் ஊரும் பாடன் ராஜ்யத்தைச் சேர்ந்தவை. நீர் குறைந்து திண்டாடிய டுட்லிங்கன் நகரம் வுர்ட்டம்பர்க் ராஜ்யத்தைச் சேர்ந்தது. அதற்கும் கீழே, பிற்பகலில் நாம் போய்ச் சேரப் போகும் பாய்ரோன், ஹோஹென்சோலர்ன் வம்சத்துச் சிறு சமஸ்தானமாக இருந்து 1850-இல் பிரஷ்யாவோடு சேர்க்கப்பட்ட துண்டு நிலம். ஆகவே பால்டிக் கடற்கரை வரை பரந்திருந்த பிரஷ்யாவும் இந்தச் சிற்றாற்றின் நீருக்குப் பாத்தியதை கொண்டாடியது. வுர்ட்டம்பர்க்கும் பிரஷ்யாவும் ஒரு பக்கம், பாடன் மறுபக்கமாக நின்று வாதாட, லீப்சிக் நகரத்தில் கூடிய ஜெர்மனியின் அரசியல் நியாயஸ்தலம் 1927-இல் தீர்ப்புச் சொல்லிற்று. இயற்கையாக உள்ளே போகிற நீர் போகட்டும். அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் செயற்கையான காரியங்களால் அந்தப் போக்கை அதிகப்படுத்தப் பாடனுக்கு உரிமையில்லை. செயற்கையாக அதைக் குறைக்க வுர்ட்டம்பர்க்குக்கும் உரிமையில்லை. மனிதனுக்கு ஒரு நீதியும் மலைக்கு ஒரு நீதியுமாகப் பிரித்த இந்தத் தீர்ப்பு, பல அரசுகளுக்கு நடுவே ஓடும் நதிகளைப் பற்றிய சட்ட நூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. 1952-இல் அந்த மூன்று நிலங்களும் பாடன்-வுர்ட்டம்பர்க் என்ற ஒரே மாநிலமாகிவிட்டமையால், வாதியும் பிரதிவாதியும் இப்போது ஒருவரே.

உலர்ந்த படுகையை ஒட்டியே மோரிங்கன் ஊருக்கு நடந்து வந்தால் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. வடக்கிலிருந்து க்ரேயன்பாஹ் என்ற ஓடை வந்து வெற்றுப் படுகையில் இறங்குகிறது. டுட்லிங்கனில் எல்டா என்ற இன்னோர் ஆறு சேருகிறது. நதி மறுபடியும் நதியாகிவிடுகிறது. பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரிடம், இது டன்யூப்தானே என்று கேட்டேன். “பெயர் அதுதான், தண்ணீர் எங்கள் ஓடையுடையது” என்று அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். டன்யூபின் மூலஸ்தானம் எது என்பதில் டோனாவ்எஷிங்கன்காரர்களுக்கும், ப்ரெக் நதியின் ஊற்றைத் தம் எல்லையில் வைத்திருக்கும் ஃபுர்ட்வாங்கன்காரர்களுக்கும் நெடுநாளாகத் தகராறு உண்டு. கோடை உச்சத்தில் வியன்னாவைத் தொடும் நீரில் இந்த இருவரின் ஊற்று நீரும் ஒரு சொட்டுக்கூட இருக்காது என்பதைப் பார்த்தால், அந்தத் தகராறில் கட்சி சேர்வதற்கு எனக்கு உற்சாகம் பிறப்பதில்லை.

மோரிங்கனில் ரயில் ஏறி, டுட்லிங்கனைக் கடந்து ஃப்ரீடிங்கன் போய்விடலாம். டுட்லிங்கன், அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்வதில் உலகப் பிரசித்தி பெற்ற நகரம். 1803-இல் பெருந்தீயில் எரிந்து, நேர்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டப்பட்டது. நடைக்கு வந்தவர்கள் அங்கே இறங்க வேண்டிய அவசியமில்லை.

ஃப்ரீடிங்கனுக்குப் பிறகு ரயில்பாதை சுரங்கத்தில் புகுந்து குறுக்கே போய்விடுகிறது. நதியோ பெரிய பெரிய வளைவுகளாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ரயிலில் சில நிமிஷங்களில் போய்விடக்கூடிய பாய்ரோனுக்கு, நதியோடு நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம் ஆகும். நடப்பதே நல்லது. இந்த ரயில்பாதையும் பிரயாணிகளை உத்தேசித்துப் போடப்பட்டதல்ல. யுத்தம் மூண்டால் ஊல்ம் கோட்டையிலிருந்து மேற்கு எல்லைக்குப் படைகளை நடுநிலை நாடான ஸ்விட்ஜர்லாந்தின் மண்ணை மிதிக்காமல் கொண்டுபோக வேண்டும் என்பதற்காக, 1890-இல் ராணுவத்தின் விருப்பப்படி திறக்கப்பட்டது. வரவு செலவைப் பாராமல் மலையைக் குடைந்து போட்ட அந்தப் பாதையில் இன்று தோள்பையும் சைக்கிளுமாக ஜனங்கள் ஏறி இறங்குகிறார்கள்.

இப்போது பள்ளத்தாக்கின் சுவர்கள் நெருங்கி வருகின்றன. பீச் மரக் காட்டின் பச்சைக்கு மேலே, வெண்மையும் சாம்பலுமான செங்குத்துப் பாறைகள், நதி மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கின்றன. அவற்றின் பிளவுகளில் பெரிக்ரின் வல்லூறு கூடு கட்டுகிறது. அண்டங்காக்கையின் கரகரத்த குரல் ஒரு சுவரில் பட்டு மறு சுவரிலிருந்து திரும்புகிறது. ஆல்ப்ஸ் மலைக்கே உரியது என்று நாம் எண்ணியிருக்கும் காட்டாட்டு இனமான ஷமாய் கூட இந்தப் பாறைச் சரிவுகளில் வசிக்கிறது. ஒரு திருப்பத்தில், ப்ரொன்னன் என்ற சிறு மாளிகை, கீழே விழாமலிருப்பதற்கு அத்தாட்சி எதுவும் காட்டாமல், ஒரு பாறை நுனியில் உட்கார்ந்திருக்கிறது. தனியார் வசமுள்ளது, வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. ஆனால் அதைச் சுற்றியுள்ள காட்டில் நடக்க யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம். காடு யாருடைய சொத்தாயிருந்தாலும், ஓய்வுக்காக அதில் நுழையும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை இயற்றியவர்களை நினைத்துக்கொண்டே, நதியோரத்து மரநிழலில் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பிரிக்கலாம்.

அப்படி உட்கார்ந்து, இருபுறமும் உள்ள பாறைச் சுவர்களையும் நடுவே கால்நனைத்துக் கடந்துவிடக் கூடிய இந்த நதியையும் மாறி மாறிப் பார்த்தால், காலையில் இம்மெண்டிங்கனில் தொடங்கியவருக்கு மட்டுமே எழக்கூடிய கேள்வி ஒன்று எழும்: இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கை இவ்வளவு சிறிய ஆறா வெட்டிற்று? இந்த ஆறு வெட்டவில்லை. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்று ஸ்விட்ஜர்லாந்தில் ரைனோடு சேரும் ஆரெ நதி உட்பட ஆல்ப்ஸ் மலையின் நீரில் ஒரு பெரும் பங்கு, இந்தத் தடத்தின் வழியாகக் கிழக்கே ஓடியது. அந்தப் பிரவாகம் அறுத்த பள்ளம் இது. ரைன் தாழ்வான மட்டத்தில் ஓடுவதாலும், அதன் உபநதிகள் செங்குத்தாக விழுந்து வேகமாக அரிப்பதாலும், அது டன்யூபின் தலைநீரை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஃபெல்ட்பெர்க் மலையிலிருந்து வந்துகொண்டிருந்த கடைசிப் பெரிய கிளையை, இன்றைக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வூட்டாஹ் என்ற ஆறாக ரைன் திருப்பிக்கொண்டது. மேற்பரப்பில் திருடியது போதாதென்று, இம்மெண்டிங்கனில் கீழிருந்தும் கன்னம் வைக்கிறது. இம்மெண்டிங்கன் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 650 மீட்டர். ஆஹ் ஊற்று 475 மீட்டர். கல் கரைந்துகொண்டே போகும் வரையில் அந்த உயர வித்தியாசம் வேலை செய்துகொண்டேயிருக்கும்; லீப்சிக் நகரத்து நியாயாதிபதிகளும் அதற்கு எதிராக ஓர் உத்தரவும் போடவில்லை. ஃப்ரீடிங்கன் அருகிலும் நீர் உள்ளிறங்கி அதே ஊற்றில் வெளிப்படுவதாகக் கண்டறிந்திருக்கிறார்கள்; க்ரேயன்பாஹ் கொடுத்த தானத்துக்கும் வழியில் வரி உண்டு.

பாய்ரோனை அடையும்போது வெயில் சாய்ந்திருக்கும். பள்ளத்தாக்கு சற்றே அகன்ற இடத்தில், வளைவின் நடுவில், பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடாலயம் பரந்து நிற்கிறது. அகஸ்தீனிய சபையாரின் பழைய மடம் அரசாங்கத்தால் பறிக்கப்பட்டுப் பாழாய்க் கிடந்த இடத்தில், 1863-இல் மாவ்ருஸ், ப்ளாசிடுஸ் வோல்ட்டர் என்ற சகோதரர்கள், ஹோஹென்சோலர்ன் அரசகுலத்துக் கத்தரீனா சீமாட்டியின் ஆதரவில், புதிய மடத்தை ஸ்தாபித்தார்கள். கத்தோலிக்க சபைக்கும் பிஸ்மார்க்குக்கும் மூண்ட பூசலில், 1875-இல் பிரஷ்யச் சட்டம் அவர்களை வெளியேற்றியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் திரும்ப முடிந்தது. பாய்ரோன்வாசிகளைத் துரத்திய அதே பிரஷ்யா, பிற்காலத்தில் பாய்ரோன் வழியாக ஓடும் நீருக்காக நியாயஸ்தலம் ஏறியதை எண்ணிப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பு வருகிறது. கால் ஒத்துழைத்தால், இன்னும் சிறிது தூரம் கீழே போய், வயல் நடுவே நிற்கும் மாவ்ருஸ் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். டெசிடேரியுஸ் லென்ஸ் என்ற கலைஞர் 1868 முதல் 1871 வரை அமைத்த அந்தச் சிறு கட்டடம், எகிப்திய ஆலயங்களின் கணித ஒழுங்கில் மயங்கிய ஒருவர் ஸ்வாபியக் காட்டுக்குள் கட்டிப் பார்த்த கனவு. அதன் விறைப்பான தேவதூதர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஊரில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பருப்பும் ஸ்பெட்ஸ்லே என்னும் மாவுத் துண்டுகளும் சேர்ந்த பதார்த்தம் அந்தப் பக்கத்து எளிய உணவு. நமக்கும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் பருப்பு என்றவுடன் சைவம் என்று நிச்சயித்துவிட வேண்டாம். பன்றி இறைச்சித் துணுக்குகளைப் பருப்போடு சேர்த்தே வேகவைப்பதும், மேலே சாஸேஜ் வைப்பதும் வழக்கம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கையில் இன்னொரு நாள் இருப்பவர்கள் ஆஹ் ஊருக்குப் போகலாம். டுட்லிங்கனிலிருந்து ஸிங்கன் போகும் ரயிலில் ஏங்கன் நிலையத்தில் இறங்கி, பஸ்ஸிலோ, முதல் நாள் நடையில் கால் ஓய்ந்திராவிட்டால் வயல்வழியே நடந்தோ போய்ச் சேரலாம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஊற்று பொங்கிக்கொண்டேயிருக்கும் என்பதால் அதற்குப் பருவம் பார்க்கத் தேவையில்லை. டன்யூப் படுகை நிறைந்தோடும் ஈர மாதத்தில் வந்து ஏமாந்தவர்கள்கூட இங்கே ஏமாறுவதில்லை. குளத்தைச் சுற்றி வர அதிக நேரம் ஆகாது. ஆகவே ஏங்கன் நகரத்தின் பழைய தெருக்களுக்கும் அன்றைய பொழுதில் பாதியை ஒதுக்கிவிடுங்கள்.